வாழ்தற்கு நல்ல நகரம் எது? – மன்சி நகரை முன்வைத்து ஒரு நோக்கு

ஒரு நகரம் வாழ்வதற்கு நல்லதா என்னும் வினா தோற்றத்தில் மிக எளியது. வீட்டு வாடகை எவ்வளவு, தொழில் கிடைக்குமா, பிள்ளைகளுக்கேற்ற பாடசாலை உண்டா, குளிர்காலம் தாங்கத்தக்கதா என நாலைந்து விபரங்களைத் திரட்டிக்கொண்டால் விடை கிடைத்துவிடும் என்றே பலரும் கருதுவர். அமெரிக்க ஐக்கிய நாடுகளில், சிறப்பாக ஒஹாயோ தொடக்கம் கன்சாஸ் வரை பரந்து கிடக்கும் மத்திய மேற்கு மாநிலங்களின் நடுத்தர நகரங்களைக் குறித்து இவ்வினா எழும்போது, அதில் ஓர் ஐயத்தொனியும் கலந்திருக்கும். நியூயோர்க் வாழ்வதற்கு நல்லதா என எவரும் கேட்பதில்லை. அங்கு வாழ்வதற்குத் தம்மிடம் வசதியுண்டா என்றே கேட்பர். நடுத்தர நகரமோ தன் தகுதியை ஒவ்வொரு முறையும் நிறுவிக்காட்ட வேண்டிய நிலையில் வைக்கப்பட்டிருக்கின்றது.

இவ்வினாவின் உள்ளே பழையதொரு மெய்யியற் சிக்கல் மறைந்து கிடக்கின்றது. ‘நல்லது’ என்ற சொல் ஒரு பொருளின் தன்மையைச் சுட்டுகின்றதா, அன்றி அதனைத் தெரிந்தெடுப்பவனின் தேவையைச் சுட்டுகின்றதா? கத்தி நல்லது எனும்போது அதன் கூர்மையைக் கருதுகின்றோம். நகரம் நல்லது எனும்போது எதனைக் கருதுகின்றோம்? நகரம் கத்தியைப் போன்று பயன்படுத்துவோனுக்குப் புறம்பாக நிற்கும் பொருளன்று. அதிற் குடியிருப்போரே அந்நகரம். இவ்வேறுபாடு கவனிக்கப்படாமற் போவதாலேயே அவ்வினாவுக்குத் தரப்படும் விடைகள் பெரும்பாலும் மேலோட்டமாகவே அமைந்துவிடுகின்றன.

இதனை ஆராய்வதற்கு இந்தியானா மாநிலத்தின் மன்சி நகரைக் காட்டிலும் பொருத்தமானதோர் எடுத்துக்காட்டைக் காண்பது அரிது. 2020ஆம் ஆண்டின் குடிசன மதிப்பின்படி ஏறத்தாழ 65,000 மக்கள் வாழ்ந்த இந்நகர், நடுத்தர நகரங்களுட் சிறியது. ஆயினும் சமூகவியல் கற்போர் அனைவரும் அறிந்த ஊர் அது. றொபேட் லின்ட், ஹெலன் லின்ட் என்னும் தம்பதியர் 1924ஆம், 1925ஆம் ஆண்டுகளில் இங்கு தங்கி ஆராய்ந்து, 1929இல் ‘மிடில்டவுன்’ என்ற நூலை வெளியிட்டனர். நடுநகர் என்பது அப்பெயரின் பொருள். அமெரிக்க வாழ்வின் சராசரி முகத்தை இங்கு காணலாம் என்பதே அத்தெரிவின் அடிப்படை. அதன்பின் ஏறக்குறைய நூறாண்டுகளாக மன்சி ‘சாதாரண அமெரிக்க நகரம்’ என்னும் பட்டத்தைச் சுமந்து வருகின்றது.

நகரின் நன்மைகளை முதலிற் கூறிவிடுவதே நேர்மையாகும். வீட்டு விலை நாட்டின் சராசரி விலையின் பாதிக்கும் குறைவு. நகரின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் செல்லக் காரிற் சிறிது நேரமே போதும். ஒரு பல்கலைக்கழகமும் பெரியதொரு வைத்தியசாலையும் உண்டு. வெள்ளையாறு ஊரினூடாக ஓடுகின்றது. இவற்றை எள்ளி நகையாடும் மனப்பான்மை அறிவாளர் சிலரிடம் உண்டு. 1920இல் சிங்கிளயர் லூயிஸ் ‘மெயின் ஸ்ட்ரீட்’ நாவலில் மினசோட்டாவின் சிற்றூர் வாழ்வைக் கிண்டல் செய்த காலந்தொட்டு அது இலக்கிய நாகரிகமாகவே ஆகிவிட்டது. நாளொன்றுக்கு மூன்று மணித்தியாலத்தைப் பயணத்திற் செலவிடுவோரின் வாழ்வு எவ்வகையில் மேலானது என்பதை அவர்கள் விளக்குவதில்லை.

அளவைப் பற்றிய வாதமும் அற்பமானதன்று. நல்ல நகரத்துக்கு ஓர் எல்லை உண்டென்று அரிஸ்டோட்டில் தமது ‘அரசியல்’ நூலில் வாதித்தார். தன்னிறைவான வாழ்வுக்குப் போதிய அளவு பெரியதாகவும் ஒரே பார்வையில் அடங்கத்தக்க அளவு சிறியதாகவும் அது இருத்தல் வேண்டும் என்பது அவர் கருத்து. குடிமக்கள் ஒருவரையொருவர் குணமறிந்து பழகாதவிடத்துப் பதவிகளுக்குத் தக்கவரைத் தெரிவதும் வழக்குகளிற் சரியான தீர்ப்புக் கூறுவதும் பிழைத்துப்போகும் என அவர் அதற்குக் காரணமுங் காட்டினார். நடுத்தர நகரத்தைப் போற்றுவோர் தாம் அறியாமலே அரிஸ்டோட்டிலின் பக்கம் நிற்கின்றனர் எனலாம். கடைக்காரருக்கு வாடிக்கையாளரின் பெயர் தெரியும். பாடசாலை ஆசிரியர் மாணவனின் தந்தைக்கும் கற்பித்தவராக இருப்பார். பெருநகரத்திற் பணங்கொடுத்தும் பெற முடியாதவை இவை.

எனினும் இந்நன்மைகளுள் முதலாவதாக எடுத்துரைக்கப்படும் மலிவை மட்டும் சற்று ஆழமாக நோக்குதல் வேண்டும். மலிவு என்பது வெள்ளையாற்றைப் போல இயற்கை தந்த பேறன்று. அதற்கு ஒரு வரலாறு உண்டு.

1886இல் கிழக்கு இந்தியானாவில் இயற்கை எரிவாயு கிடைத்தது. எரிபொருள் ஏறத்தாழ இலவசம் என்று அறிவித்துத் தொழிலதிபரை ஊர்கள் அழைத்தன. நியூயோர்க் மாநிலத்தின் பவலோ நகரில் கண்ணாடிச் சாடி செய்துவந்த ‘போல்’ என்னும் குடும்பப் பெயருடைய ஐந்து சகோதரர், தம் தொழிற்சாலை தீக்கிரையானதன் பின்னர், அவ்வழைப்பை ஏற்று மன்சிக்கு வந்தனர். 1888இல் அங்கு உற்பத்தி தொடங்கியது. பழங்களையும் மரக்கறிகளையும் பதனிட்டு அடைக்கும் அச்சாடிகள் அமெரிக்கச் சமையலறை எங்கும் பரவின. எரிவாயு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தீர்ந்துபோயிற்று, தொழிற்சாலைகள் நிலைத்தன. 1935இல் ஒஹாயோவின் ரொலீடோ நகரில் ஜெனரல் மோட்டர்ஸ் கம்பனியின் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, கம்பனி அங்கிருந்த பொறிகளில் ஒரு பகுதியைப் பெயர்த்தெடுத்து மன்சிக்குக் கொண்டுவந்தது. தொழிற்சங்கம் வலுப்பெறாத ஊர் என்பதே அன்று மன்சியின் கவர்ச்சி. ரொலீடோவின் இழப்பு மன்சியின் ஆக்கமாயிற்று. எழுபது ஆண்டுகளின் பின்னர் வண்டி திரும்பியது. 1935இல் வந்த அதே தொழிற்சாலை 2006இல் மூடப்பட்டது. ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கானோருக்கு வேலை கொடுத்த போர்க்வோனர் தொழிற்சாலை 2009இல் மூடப்பட்டது. ‘போல்’ கம்பனியும் 1962இல் மன்சியிற் கண்ணாடி உற்பத்தியை நிறுத்தி, 1998இல் தன் தலைமையகத்தைக் கொலராடோவுக்கு மாற்றிக்கொண்டது.

வீடுகள் மலிந்தது இவ்வாறே. போனவர்களின் வீடுகள் எஞ்சின, வாங்குவோர் குறைந்தனர். எனவே மலிவு எனப்படுவது பிறர் வெளியேறியதன் எச்சம். இதனாற் குறைந்த விலைக்கு வீடு வாங்குபவன் குற்றவாளி ஆகிவிடுவதில்லை. வெறும் வீடு பாழடைவதைவிட ஒரு குடும்பம் அதிற் குடியேறுவது எல்லோருக்கும் நல்லதே. ஆனால் ஒரே உண்மை இருவருக்கு இரு பொருள் தருகின்றது. வெளியூரில் உழைத்த பணத்தோடு வருபவருக்கும் பல்கலைக்கழகச் சம்பளத்தில் வாழ்பவருக்கும் அது நகரத்தின் சிறப்பு. முப்பதாண்டு பட்டறையில் உழைத்து வீடொன்றைக் கட்டி, அதையே தன் முதுமைக்கான சேமிப்பு என நம்பியிருந்த தொழிலாளிக்கு அது அச்சேமிப்பின் கரைவு. இவ்விருவருள் யாரை வைத்து நகரம் நல்லது என்பது?

சராசரியை வைத்து என்று புள்ளிவிபரவியலார் விடை பகர்வர். நகரங்களை வரிசைப்படுத்தும் ஏடுகள் இவ்வழியையே கையாளுகின்றன. காலநிலை, வீட்டு விலை, கல்வி, குற்றம், கலைகள் முதலியவற்றுக்குத் தனித்தனியே புள்ளியிட்டுக் கூட்டிவிடுவது அவற்றின் முறை. 1985இல் ‘பிளேசஸ் ரேட்டட் அல்மனாக்’ என்ற ஏடு இவ்வாறு கணித்து, பிற்ஸ்பேர்க் நகரையே நாட்டின் மிகச் சிறந்த வாழிடம் என அறிவித்தது. உருக்குத் தொழில் சரிந்துகொண்டிருந்த ஆண்டுகள் அவை; அடுத்த ஆண்டு, 1986இல், அதன் அருகே புகழ்பெற்ற ஹோம்ஸ்டெட் உருக்காலை மூடப்பட்டது. ஏட்டின் கணக்கு பிழையென்று சொல்வதற்கில்லை. அரும்பொருட்காட்சியகங்களும் பல்கலைக்கழகங்களும் உண்மையில் இருந்தன. ஆனால் அக்கணக்கு ஒரு சராசரி மனிதனுக்காகப் போடப்பட்டது; அந்த மனிதன் எந்த வீதியிலும் குடியிருக்கவில்லை.

மன்சியே இதற்கு இன்னும் கூர்மையான சான்று. லின்ட் தம்பதியர் மாற்றத்தின் போக்கைத் தெளிவாகக் காட்ட விரும்பி, இனச்சிக்கல் குறுக்கிடாத ஒருமுக ஆய்வாக அதனை அமைத்துக்கொண்டனர். அதன்பொருட்டு அந்நகரிற் கணிசமாக வாழ்ந்த கறுப்பின மக்களை ஆய்வின் எல்லைக்கு வெளியே நிறுத்தினர். இந்தியானாவிற் கு கிளக்ஸ் கிளான் இயக்கம் ஓங்கியிருந்த ஆண்டுகள் அவை. மன்சியிலும் அது பரவியிருந்ததை நூலே கூறுகின்றது. அவ்வியக்கத்தின் வெறுப்புக்கு இலக்கான மக்களோ நூலில் ஆய்வுப்பொருள் அல்லர். தொழிலாளர் வகுப்புக்கும் வணிகர் வகுப்புக்கும் இடையிலான இடைவெளியை அத்துணை நுணுக்கமாகப் பதிவுசெய்த ஆய்வாளர்களின் கண்ணுக்கு இது ஒரு முறையியல் வசதியாக மட்டுமே தோன்றியது. ‘சாதாரண நகரம்’ என்ற படிமம் ஒரு பகுதியினரைக் கணக்கில் விட்டதனாற் கிடைத்தது. 2004இல்தான், மன்சியின் கறுப்பினத்தவரும் பல்கலைக்கழக மாணவரும் ஆசிரியரும் சேர்ந்து உழைத்து ‘மிடில்டவுனின் மறுபக்கம்’ எனப் பொருள்படும் தலைப்பில் ஒரு நூலை வெளியிட்டனர். அம்முயற்சிக்கு வித்திட்டவருள் ஒருவரான ஹேர்லி குடோல் அந்நகரின் தீயணைப்புப் படையிற் சேர்ந்த முதற் கறுப்பினத்தவருள் ஒருவர். பின்னர் மாநிலச் சட்டசபை உறுப்பினராகவும் இருந்தவர். மன்சி நல்ல ஊரா என அவரிடம் கேட்டிருந்தால் அவர் ஆம் என்றும் சொல்லியிருக்கக்கூடும். அவ்விடைக்குப் பின்னால் வேறொரு நகரம் இருந்திருக்கும்.

இவ்விடத்தில் வலுவானதோர் எதிர்வாதம் எழுகின்றது. ஒருவருக்கு ஊர் பிடிக்கவில்லையாயின் அவர் போய்விடலாமே. போகாதிருப்பதே ஊர் நல்லது என்பதற்கு அவர் தரும் சாட்சியன்றோ? இவ்வாதம் பழைமையானது. பிளேட்டோவின் ‘கிரீட்டோ’ உரையாடலில், சிறையிலிருக்கும் சோக்கிரட்டீசை நோக்கி ஏதென்ஸ் நகரின் சட்டங்கள் இவ்வகையிலேயே பேசுகின்றன. விரும்பாதவன் தன் உடைமையோடு வேறிடம் செல்லத் தடையிருந்ததில்லை. நீயோ போருக்குச் சென்றதைத் தவிர இந்நகரைவிட்டு அகன்றதே அரிது. ஆதலின் எம்மை ஏற்றுக்கொண்டவனாகின்றாய் என்பது அவற்றின் வாதம். 1748இல் டேவிட் ஹியூம் இதற்கு மறுப்புரைத்தார். பிறமொழியும் பிறநாட்டு வழக்கமும் அறியாது, அன்றாடக் கூலியில் உயிர் வாழும் ஏழையொருவன் நாட்டைவிட்டுப் போகாதிருப்பதை அவனது சம்மதம் எனக் கொள்வது, உறக்கத்திற் கப்பலில் ஏற்றப்பட்டவன் கடலிற் குதிக்காதிருப்பதைக் கப்பற்தலைவனின் ஆட்சிக்கு அவன் தந்த சம்மதம் எனக் கொள்வதற்கு ஒப்பாகும் என்றார்.

மன்சியிலிருந்து வெளியேறுபவனுக்கு ஹியூம் கூறிய மொழித்தடை இல்லை. பேருந்து ஏறினால் இந்தியானாபொலிஸ், அங்கிருந்து எங்கும் போகலாம். தடை வேறு வகையினது. தன் வீட்டை விற்ற பணத்தில் வேறு நகரில் ஓர் அறையைக்கூட வாங்க முடியாது. நோயுற்ற தாய் இருக்கின்றாள். பெற்றோர் இருவரும் வேலைக்குச் செல்லும்போது பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பாட்டி அடுத்த தெருவில் இருக்கின்றாள். இவற்றைத் தடைகள் என்று மட்டுமே கூறுவதும் பொருந்தாது. இவையே அவ்வூரில் அவன் கண்ட நன்மைகளுமாகும். அரிஸ்டோட்டில் போற்றிய அந்தப் பரஸ்பர அறிமுகத்தை உண்டாக்குவோர், போகாது தங்கியிருப்போர்தாம். விலையையும் வெப்பநிலையையும் ஒப்பிட்டு ஊர் தெரிபவர், தாம் வந்தடைவதற்கு முன்பே பிறர் நெடுங்காலம் தங்கியிருந்து ஆக்கிவைத்த ஒன்றை அனுபவிக்கின்றார். அடுத்த ஊரின் கணக்கு மேலானதாயின் அதைவிட்டு நீங்கவும் செய்கின்றார்.

அல்பேட் ஹேர்ஷ்மன் என்ற பொருளியலாளர் 1970இல் வெளியிட்ட நூலொன்றில், சீர்கெடும் நிறுவனமொன்றின் முன் மனிதனுக்கு இரு வழிகள் உண்டெனக் காட்டினார்: வெளியேறுதல், குரலெழுப்புதல். தரத்தைப் பெரிதும் மதிப்பவர்களே முதலில் வெளியேறுகின்றனர் என்பதும், அவர்களே நின்றிருந்தால் வலுவாகக் குரலெழுப்பக் கூடியவர்கள் என்பதும் அவர் கண்ட உண்மை. பொதுப்பாடசாலைகளை அவர் எடுத்துக்காட்டாகக் கொண்டார். நகரங்களுக்கும் அது பொருந்தும். ‘இது நல்ல ஊரா?’ எனக் கேட்டு, ‘இல்லை’ என விடைகண்டு விலகுபவர் ஓர் உண்மையைக் கண்டறிவதோடு நிற்பதில்லை. தம் விடையைச் சிறிதளவு உண்மையாக்கியும் செல்கின்றார்.

மிச்சிகன் மாநிலத்தின் பிளின்ட் நகரில் இது கொடூரமான வடிவில் வெளிப்பட்டது. 1960இல் ஏறத்தாழ 197,000ஆக இருந்த அந்நகரின் மக்கள்தொகை 2020இல் 81,000 அளவில் நின்றது. வரி கொடுப்போர் குறைந்தமையால் நகர நிதி நொறுங்கியது. மாநில அரசு நியமித்த அவசரகால நிருவாகியின் கையில் அதிகாரம் சென்றது. 2014 ஏப்ரலிற் செலவைக் குறைக்கும் பொருட்டுக் குடிநீர் பிளின்ட் ஆற்றிலிருந்து பெறப்பட்டது. அரிப்பைத் தடுக்கும் மருந்து அந்நீரிற் சேர்க்கப்படாமையால் பழைய குழாய்களின் ஈயம் நீரிற் கலந்தது. நிறம், மணம், தோற் கொப்புளம் என மக்கள் முறையிட்டவண்ணம் இருந்தனர். அதே ஆண்டு ஒக்டோபரில் ஜெனரல் மோட்டர்ஸ் கம்பனி, தன் இயந்திரப் பாகங்கள் அரிபடுகின்றன எனக் கூறி, தனது தொழிற்சாலைக்கு மட்டும் வேறு நீர் பெற்றுக்கொண்டது. மக்களுக்குப் பழைய நீர் திரும்பக் கிடைத்ததோ 2015 ஒக்டோபரில்.

கம்பனியால் நீரைவிட்டு வெளியேற முடிந்தது. குடிமக்களால் முடியவில்லை. அவர்களிடம் இருந்தது குரல் ஒன்றே. அக்குரலுக்குச் செவிசாய்க்கக் கடமைப்பட்ட, அவர்களால் தெரிவுசெய்யப்பட்ட சபையிடம் அதிகாரம் இருக்கவில்லை. பிளின்டிலும் வீடுகள் மலிவு. அங்கும் பயண நேரம் குறைவு.

எனவே ஒரு நகரத்தின் நன்மையை, அதனைவிட்டுப் போகவல்லவரின் கண்ணாற் காண்பது போதாது. போக முடியாதவர், அல்லது போக மனமில்லாதவர், ஒரு தீங்கைக் கண்டு முறையிட்டால் அம்முறையீட்டுக்கு என்ன நேர்கின்றது என்பதையே முதலில் நோக்குதல் வேண்டும். பாடசாலை, நீர், வீதி யாவும் அதன்பின் வருவன. சிறிய நகரில் முறையீடு எளிதிற் கேட்கும் என்பது நடுத்தர நகருக்குச் சார்பானதொரு நல்ல நியாயமே. ஆனால் அச்சிறுமையே குரலை அடக்கவும் வல்லது. பெருநகரத்தைவிட இத்தகைய ஊரே குடும்ப வாழ்வுக்கு உகந்தது என்ற நம்பிக்கை மன்சி மக்களிடம் வேரூன்றியிருந்ததை லின்ட் தம்பதியரின் 1937ஆம் ஆண்டு நூல் பதிவுசெய்கின்றது. ஊரைப் புகழ்பவன் நல்ல குடிமகன், குறை கூறுபவன் ஊருக்குத் துரோகி என்ற மனப்பாங்கையும் அந்நூல் காட்டுகின்றது. ஊர்ப்பற்று இவ்வாறு ஊர்த்திருத்தத்துக்குப் பகையாகி விடுவதுமுண்டு.

அந்த நூலின் புகழ்பெற்ற அதிகாரம் ‘எக்ஸ் குடும்பம்’ பற்றியது. பெயர் சொல்லாது விடப்பட்ட அக்குடும்பம் ‘போல்’ சகோதரருடையதே. வேலைக்கும் கடனுக்கும் வைத்தியத்துக்கும் கல்விக்கும் ஊர் முழுவதும் ஒரு குடும்பத்தின் வாசலையே நாடி நின்றதை அங்கு காணலாம். அக்குடும்பத்தின் கொடைகளைக் குறைத்து மதிப்பிடுவது நன்றியின்மையாகும். 1918இல் அவர்கள் மாநிலத்துக்கு அளித்த நிலமும் கட்டடங்களுமே ஆசிரியர் கலாசாலையாகி, 1965இற் பல்கலைக்கழகமாகியது. 1929இல் திறக்கப்பட்ட வைத்தியசாலையும் அவர்கள் பெயரைத் தாங்கியது. பெரிய தொழிற்சாலைகள் பல போனபின் நகரைப் பெரிதும் தாங்கிநிற்பவை இவ்விரண்டுமே. இலாபத்துக்காக வந்தவை இலாபத்துக்காகவே சென்றன. கொடையாக விதைத்தவை நிலைத்தன. ஆயினும் கொடையாளனிடம் நன்றி கூறலாம், கணக்குக் கேட்க முடியாது. குடிமகன் அங்கு விருந்தாளியாகிவிடுகின்றான்.

அண்மைக்கால நிகழ்வொன்று இதனை மீண்டும் நினைவூட்டியது. மன்சியின் பொதுப்பாடசாலைகள் மாணவர் தொகை குறைந்து கடனில் மூழ்கியபோது, மாநில அரசு அவற்றின் நிருவாகத்தை அவசரகால நிருவாகி ஒருவரிடம் ஒப்படைத்தது. 2018இல் இயற்றப்பட்ட சட்டமொன்று அப்பொறுப்பை போல் ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்கு மாற்றியது. மக்கள் வாக்களித்துத் தெரிந்த கல்விச்சபையின் இடத்திற் பல்கலைக்கழகம் நியமிக்கும் சபை அமர்ந்தது. பாடசாலைகளைப் பிளின்டின் நீரோடு ஒப்பிடுவது தகாது. இங்கு பொறுப்பேற்றது ஊரைவிட்டு ஓடிப்போக முடியாத, ஊரோடு பிணைந்த ஒரு நிறுவனம், அதுவும் ஆசிரியரை உருவாக்கும் நிறுவனம். பாடசாலைகள் இதனால் முன்னேறவுங் கூடும். அவ்வாறு முன்னேறினால் மன்சி வாழ்வதற்கு நல்ல ஊர் என எழுதும் ஏடுகள் அதற்கு மேலும் ஒரு புள்ளி கொடுக்கும். தன் பிள்ளையின் வகுப்பறையைப் பற்றி முறையிட விரும்பும் தாய், வாக்கினால் நீக்க முடியாத ஒருவரிடம் அம்முறையீட்டைக் கொண்டுசெல்ல வேண்டியிருப்பதற்கு எத்தனை புள்ளி கழிப்பது என்பதற்கு அவ்வேடுகளில் இடமில்லை.